பதில்: ஆச்சிக்குச் சிலை – ஆளுக்கு 25,000 ரூபாய்

அண்ணன்மார், அக்காமார், அம்மான் எல்லோருக்கும் வணக்கம்.

நம் பள்ளத்தூரில் நடிகை மனோரமா ஆச்சிக்குச் சிலை வைக்க ஆளுக்கு 25,000 ரூபாய் போட வேண்டும் என்று குழுவில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். பெரிய வீட்டு அண்ணன் வெண்கலச் சிலைதான் வைக்க வேண்டும் என்கிறார். கும்பாபிஷேக வசூலில் மிஞ்சியது எங்கே என்று துபாய் அண்ணன் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் எழுதவில்லை. அதை முதலில் எழுதுங்கள். அவர் கேட்பதில் தப்பே இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போன என் தங்கை கலையரங்கத்தில் பிள்ளைகள் நாடகம் பார்த்திருக்கிறாள். மேடைக்குப் பின்னால் வேஷம் கட்டும் அறையில் சிமெண்ட் மூட்டையும் பந்தல் கம்பும் அடுக்கிக் கிடக்கின்றன. இரண்டு பேர் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொள்ள, அதன் மறைவில் ஒவ்வொரு பிள்ளையாகச் சேலை மாற்றியிருக்கிறது. கழிப்பறை கிடையாது. கண்ணகியாக நடித்த பிள்ளை கால் சிலம்போடு தெருவைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாளாம். அந்த மேடைக்கு முன்னால்தான் மனோரமா ஆச்சிக்குச் சிலை வைக்கப் போகிறோம்.

ஆச்சி யார் என்று பெனாங் அம்மான் படப் பட்டியல் போட்டு எழுதியிருந்தார். நல்ல பட்டியல். ஆனால் அது 1958இல், கண்ணதாசன் எடுத்த ‘மாலையிட்ட மங்கை’யில் ஆரம்பிக்கிறது. நமக்குச் சொந்தமான கதை அதற்கு முந்தியது. 1937இல் மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தா, அப்பா கைவிட்டபின் அம்மா ராமாமிர்தத்தோடு பள்ளத்தூருக்கு வந்தவர். அந்த அம்மா வேலை பார்த்தது நம் ஊர் வீடுகளில். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் மகளின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. வேலைக்குப் போன சின்னப் பிள்ளை அவர். சிலைப் பீடத்தில் ‘பள்ளத்தூர் பெற்ற கலைச்செல்வி’ என்று பொறிக்கலாம் என்று பெரிய வீட்டு அண்ணன் எழுதியிருந்தார். ஊர் பெறவில்லை அண்ணே. பெற்றதும் காப்பாற்றியதும் ராமாமிர்தம். கல்லில் பெயர் வெட்டுவதாக இருந்தால் அந்தப் பெயரையும் வெட்டுங்கள்.

ஊருக்கு வந்த நாடகக் குழுவின் ‘அந்தமான் காதலி’யில் பாட வேண்டியவருக்குக் குரல் சரியில்லை என்று இவரைப் பாட வைத்தார்கள். அப்போது வயது 12 இருக்கும். மனோரமா என்று பெயர் வைத்ததும் நாடகக்காரர்கள்தான்: இயக்குநர் திருவேங்கடம், ஆர்மோனியம் தியாகராஜன். அப்புறம் வைரம் நாடக சபா, நடிகர் எஸ்.எஸ். ராஜேந்திரனின் எஸ்.எஸ்.ஆர். நாடக மன்றம், கலைஞர் எழுதிய ‘மணிமகுடம்’. மேடையில் அண்ணா, கலைஞரோடும் திரையில் எம்.ஜி.ஆர்., என்.டி.ஆர்., ஜெயலலிதாவோடும் நடித்து ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்ற பெயர் வாங்கினார். ஆயிரம் படங்களைத் தாண்டிக் கின்னஸில் ஏறினார். ‘புதிய பாதை’க்கு தேசிய விருது, 2002இல் பத்மஸ்ரீ. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ‘தில்லானா மோகனாம்பா’ளில் வரும் ஜில் ஜில் ரமாமணியைத்தான். நாயனத்தை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கும் அந்த இடம். கொட்டகை சிரிக்கும். ஆனால் ஊர் ஊராய்ப் போய் ஆடிப் பிழைக்கும் ஒரு பெண்ணை மட்டமாகக் காட்டாமல், அவளுக்கு மானத்தையும் மனசையும் கொடுத்து நடித்திருப்பார். ஓலைக் கொட்டகைக்குப் பின்னால் உடை மாற்றிய பெண்ணுக்குத்தான் அது வரும். 31 வயதில் அதைச் செய்தார். சிவாஜி, பத்மினி, பாலையா எல்லோரும் இருக்கிற படத்தில் இன்றைக்கும் முதலில் ஞாபகம் வருவது இவர்தான். எங்கள் ஆயா அந்தப் படத்தை டெண்ட் கொட்டகையில் பார்த்துவிட்டு, ‘நம்ம வீதியில நடந்த புள்ள’ என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பு ஆண்டு விழாவில் எனக்குக் கொடுத்திருந்த குறத்தி வேஷத்தை, ஒத்திகை எல்லாம் முடிந்தபிறகு, ‘நல்ல குடும்பத்துப் பிள்ளை கூத்தாடுவதா’ என்று என் அப்பச்சியிடம் போய்ச் சொல்லி நிறுத்தியது யார் என்று இந்தக் குழுவில் இருக்கும் பலருக்குத் தெரியும். அப்பச்சியும் கேட்டார்கள். நான் அழுததைப் பார்த்து ஆத்தாள் மட்டும் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்படிச் சொன்ன வாய்தான் இன்றைக்கு ‘எங்க ஊர் ஆச்சி’ என்று எழுதுகிறது. ஆச்சி 2015 அக்டோபர் 10இல் போய்விட்டார். அவருக்கு இனி நம்மிடம் வேண்டியது ஒன்றும் இல்லை. வேட்டி மறைவில் நிற்கும் பிள்ளைகளுக்கு வேண்டியிருக்கிறது.

ஆகவே என் பங்கு இப்படி. பெண் பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் உள்ள உடை மாற்றும் அறை, கண்ணாடி, விளக்கு, தண்ணீரோடு கழிப்பறை. அந்த அறைக்கு மனோரமா பெயர். அதற்கு 25,000 இல்லை, 50,000 தருகிறேன். கொத்தனார் கூலி, ஓடு, குழாய் என்று ஒவ்வொரு ரசீதும் குழுவில் போடப்பட வேண்டும். துபாய் அண்ணன் கணக்குப் பார்க்கட்டும். சிலைக்கு என்னிடம் ஒரு ரூபாய்கூட இல்லை.

இதில் பெரிய வீட்டு அண்ணனுக்கு வருத்தம் இருந்தால் இங்கேயே எழுதட்டும். ஊரில் தனியாக இருக்கும் ஆத்தாளுக்குப் போன் போட வேண்டாம்.