உங்கள் செவ்வாய்க்கிழமைகளுக்கு நன்றி. உறுப்பினர் பட்டியலுக்கு ஒரு ஆள் தேவை

சங்கத்துப் பெரியவர்களுக்கும் அண்ணன் அக்காமாருக்கும் வணக்கம்.

நான் புள்ளியியல் கடைசி வருஷம் படிக்கிறேன். உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியாது, குரல் தெரிந்திருக்கும். "உங்க நம்பர் கடைசியில 38-ஆ, 83-ஆ?" என்று நேரங்கெட்ட நேரத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது நான்தான். எந்த நாட்டில் இப்போது எத்தனை மணி என்று எனக்கு இன்னும் சரியாகக் கணக்குப் போட வரவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு நான் எழுப்பிவிட்ட மாமா மன்னிக்க வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு முன் இந்தக் குழுவுக்கு ஒரு மடல் போட்டேன். "டேட்டா அனலிஸ்ட் வேலை எங்காவது காலி இருந்தால் சொல்லுங்கள், ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன்." இரண்டே பதில் வந்தது. ஒன்று, "ரெஸ்யூமே அனுப்பி வைம்மா." இன்னொன்று, வேறு யாருக்கோ போக வேண்டிய "சரி", தவறி எல்லாருக்கும் வந்துவிட்டது. மூன்று வாரம் பொறுத்துவிட்டுக் கேள்வியை மாற்றினேன். "போன செவ்வாய்க்கிழமை ஆபீஸில் காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்தீர்கள்? பத்து வரி போதும்." பதினான்கு பேர் எழுதினீர்கள். ஒருவர் நான்கு பக்கம். எழுதி முடித்ததும்தான் வேலையை விடலாமா என்று யோசனை வந்தது என்று அதன் கீழேயே ஒரு வரி. (விட்டுவிடாதீர்கள் சித்தப்பா, பழி என் மேல் வரும்.)

அந்தப் பதினான்குக்கும் தனித்தனியாக நன்றி எழுத நினைத்து, நடக்கவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த மடல். செயலாளர் மாமா வேறு, "படிக்கிற பிள்ளை, அடுத்து என்ன செய்யப்போகிறாய், சங்க வேலையால் உனக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா, எழுது" என்று கேட்டிருந்தார்.

முதலில் பிரயோஜனத்தைப் பற்றியே. உறுப்பினர் பட்டியலைச் சரிசெய்ய ஆள் வேண்டும் என்று போன வருஷம் கேட்டபோது நான் கை தூக்கியது சேவை மனப்பான்மையால் இல்லை. ரெஸ்யூமேயில் "சமூகப் பங்களிப்பு" என்ற தலைப்புக்குக் கீழே வெற்றிடமாக இருந்தது. அதை நிரப்ப ஒரு வரி, இரண்டு வார இறுதியில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆனது. அப்படி ஆரம்பித்ததில் வெட்கம் ஏதும் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். எதற்காக வந்தாள் என்பதை விட, இரண்டாவது மாதமும் இருந்தாளா என்று பார்ப்பதுதான் சங்கத்துக்கு உபயோகம்.

என் கைக்கு வந்தபோது எக்செல்லில் 412 வரிகள். ஒரே மனிதர் மூன்று இடத்தில் இருந்தார். ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பெயரே குடும்பப் பெயராகி நிற்கிறது. நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு ஒரு முறை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. உச்சரிப்பை வைத்துப் பெயர்களைச் சேர்க்க சவுண்டெக்ஸ் என்று ஒரு பழைய முறை இருக்கிறது, 1918-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, மீதி மெய்களுக்கு எண் கொடுக்கும். அதை நம் பட்டியலில் ஓட்டிப் பார்த்தேன். கனிமொழி என்ற பெயரில் ழகரத்துக்கு ஒருவர் இசட் போட்டிருக்கிறார், இன்னொருவர் எல். சவுண்டெக்ஸில் இசட்டுக்கு 2, எல்லுக்கு 4. ஆக, இரண்டும் வேறு வேறு ஆள். தனலட்சுமியை ஒரு இடத்தில் D-யிலும் இன்னொரு இடத்தில் Dh-இலும் தொடங்கினால் பரவாயில்லை. அதையே ஒருவர் D-யிலும் இன்னொருவர் T-யிலும் தொடங்கிவிட்டால், முதல் எழுத்திலேயே கதை முடிந்தது.

பிறகுதான் வகுப்பில் படித்த ஒன்று ஞாபகம் வந்தது. ஐவன் ஃபெலிகி, ஆலன் சன்டர் என்று இரண்டு பேர், கனடாவின் அரசுப் புள்ளியியல் துறையில் இருந்தவர்கள், 1969-இல் இதற்கு ஒரு கோட்பாடு எழுதினார்கள். ஃபெலிகி ஹங்கேரியிலிருந்து 1956 எழுச்சிக்குப் பிறகு கிளம்பி வந்தவர், பின்னாளில் அந்தத் துறைக்கே தலைவரானவர். அவர்கள் சொன்னது இதுதான். இரண்டு பதிவுகளை ஒப்பிட்டால் மூன்று குவியல் வரும்: நிச்சயமாக ஒரே ஆள், நிச்சயமாக வேறு ஆள், இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. நடுக்குவியலைக் கணக்கு தீர்க்காது, ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வகுப்பில் இதைப் படித்தபோது அந்த மூன்றாவது குவியல் ஒரு அடிக்குறிப்பு மாதிரிதான் தெரிந்தது. நம் பட்டியலில் அது 130 ஜோடி. "மனிதர் உட்கார்ந்து பார்ப்பது" என்றால் 130 தடவை போனை எடுத்து, "மன்னிக்கணும், நீங்களும் இவரும் ஒரே ஆளா?" என்று கேட்பது.

பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு மையத்தில் ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளரின், யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று பார்க்கும் ஆறு வகைத் தேர்வு எழுதியிருந்தேன். செய்முறை, ஆராய்ச்சி, கலை, சமூகம், முனைப்பு, ஒழுங்குமுறை என்று ஆறு. எனக்கு ஆராய்ச்சியும் ஒழுங்கும் மேலே, சமூகம் அடியில். ஆக, ஆளோடு ஆள் பேசும் வேலை எனக்கு ஆகாது என்று அந்தத் தாளை வைத்து நானே முடிவுகட்டியிருந்தேன். முதல் இருபது போன் அப்படித்தான் போனது. பேச வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டு வாசித்தேன். நாற்பதாவது போனுக்கு மேல் அந்தத் தாளைத் தேடவில்லை.

ஒரு போன் மட்டும் சொல்லிவிடுகிறேன். எடுத்தது ஒரு அத்தை. நான் பெயரைச் சொல்லிக் கேட்டேன். "அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சேம்மா." என்ன சொல்வதென்று தெரியாமல், தெரிந்திருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டேன் என்று ஏதோ உளறினேன். கை தானாக அந்த வரியைத் தேர்ந்தெடுத்து, அழிக்கத் தயாராக நின்றது. அத்தை கேட்டார், "பேரை எடுத்துடுவியா?"

"எடுக்கணும் அத்தை, அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

"மடல் வந்துட்டு இருக்கே. நான்தானே படிக்கிறேன்."

அந்த மின்னஞ்சல் முகவரி அவர் கணவருடையது. கடவுச்சொல் பழைய டைரியில் எழுதியிருக்கிறதாம். கல்யாணம், காலமானார், ஆண்டுக்கூட்டம் என்று இந்தக் குழுவில் வருவதையெல்லாம் இரண்டு வருஷமாக அவர் பெயரில் இவர் படித்துக்கொண்டிருக்கிறார். நான் அந்த வரியை அழித்திருந்தால் பட்டியல் சுத்தமாகியிருக்கும், ஒரு வாசகர் போயிருப்பார். வரியை விட்டுவிட்டு, பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி (column) சேர்த்து "படிப்பவர்" என்று தலைப்புப் போட்டேன். புள்ளியியல் படிப்பில் இதுவரை நான் உருப்படியாக உருவாக்கிய மாறி (variable) அது ஒன்றுதான்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளுக்கு வருகிறேன். டேட்டா சயன்டிஸ்ட் அக்கா ஒருவர், எட்டு மணி நேரத்தில் மாடல் பக்கம் போனது நாற்பது நிமிஷம் என்று எழுதியிருந்தார். காப்பீட்டுக் கணிப்பாளர் அண்ணன், ஒத்துப்போக வேண்டிய இரண்டு எண் ஏன் ஒத்துப்போகவில்லை என்று மூன்று பிரிவுகளுக்கு நடந்தே நாளை முடித்திருந்தார். மேனேஜர்கள் எல்லாரும் கூட்டத்தில் இருந்தீர்கள், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

என்னை நிறுத்தியது புற்றுநோய்ப் பதிவகத்தில் வேலை செய்யும் அக்காவின் பதில். இரண்டு மருத்துவமனைகளிலிருந்து இரண்டு அறிக்கை வந்திருக்கிறது. பெயரின் எழுத்து கொஞ்சம் மாறியிருக்கிறது, பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறது. ஒரே பெண்ணா, இருவரா? ஒருவரை இருவராக எண்ணினால் நோய் கூடியதாகத் தெரியும், இருவரை ஒருவராக்கினால் குறைந்ததாகத் தெரியும். செவ்வாய் முற்பகல் முழுக்க இதற்கே போனது என்று எழுதியிருந்தார், சலிப்போடுதான் எழுதியிருந்தார் என்று நினைக்கிறேன். எனக்கு அதைப் படித்ததும் அட, இது நம் பட்டியல் ஆயிற்றே என்று இருந்தது. இப்படி ஒரு வேலை இருக்கிறது, அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்பது மூன்று வருஷம் படித்த எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவரோடு அரை மணி நேரம் பேசினேன். வேலை கேட்கவில்லை. எந்தப் பாடம் கைகொடுத்தது, எது உதவவில்லை, முதல் வருஷத்தில் எதில் தடுக்கினீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

இதை ஏன் என் நெருங்கிய சிநேகிதர்கள் சொல்லவில்லை என்று யோசித்தால், அவர்களுக்கும் எனக்குத் தெரிந்ததுதான் தெரியும். எல்லாரும் ஒரே வகுப்பு, ஒரே அறிவிப்புப் பலகை. மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் இதை எழுதினார். பாஸ்டனை அடுத்த நியூட்டனில் வேலை மாறியவர்களைக் கேட்டிருக்கிறார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்த்தவர்கள் 55.6, அரிதாகப் பார்த்தவர்கள் 27.8. வருஷத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோ என்றால்தான் அவர் கணக்கில் "அரிது". ஆண்டுக்கூட்டத்தில் மட்டும் பார்த்து, "நீ இன்னார் மகள்தானே?" என்று கேட்கும் உங்களில் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் வருவீர்கள். 54 பேரை வைத்துச் சொன்ன எண் அது, சாம்பிள் சின்னது என்று என் பேராசிரியர் முகம் சுளிப்பார். ஆனால் 2022-இல் லிங்க்ட்இன்னில் 2 கோடிப் பேரை வைத்துப் பார்த்தபோதும் நெருக்கமான தொடர்பை விட ஓரளவு தளர்ந்த தொடர்புதான் வேலை மாற உதவியது. மிக மிகத் தளர்ந்த தொடர்பு அவ்வளவு உதவவில்லை.

அதே பாஸ்டனில் இன்னொரு விஷயம், எனக்குப் பிடித்தது. தொழில் வழிகாட்டல் என்பதை ஒரு முறையாக ஆரம்பித்த ஃபிராங்க் பார்சன்ஸ் 1908-இல் தன் அலுவலகத்தைத் திறந்தது பல்கலைக்கழகத்தில் இல்லை, புதிதாகக் குடியேறி வந்தவர்களுக்காக நடந்த ஒரு சமூகச் சேவை இல்லத்தில். உன்னை அறி, வேலையை அறி, இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவர் முறை. அவரே என்ஜினீயராகவும் வக்கீலாகவும் வாத்தியாராகவும் இருந்து பார்த்தவர், மேயர் தேர்தலிலும் நின்று தோற்றவர். அதே வருஷம் இறந்துபோனார், புத்தகம் வந்தது 1909-இல். ஊரை விட்டு வந்தவர்கள் கூடும் இடத்தில் பிறந்த சமாச்சாரம் இது. வேலைவாய்ப்பு மையத்தின் சுவரில் அதைப் பற்றி ஒரு வரி கூடக் கிடையாது.

தோற்றதையும் சொல்ல வேண்டும். பட்டியல் வேலை நன்றாகப் போகிறது என்ற தெம்பில், சங்கத்தின் சனிக்கிழமை ஆன்லைன் கணக்கு வகுப்புக்கும் கை தூக்கினேன். ஐந்து வாரம் எடுத்தேன். ஆறாவது வாரம் எனக்குத் தேர்வு. வர முடியாது என்று யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பொறுப்பில்லாதவள் என்று நினைப்பார்களே என்று பயம். மூன்று பிள்ளைகள் இருபது நிமிஷம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு பையன் அனுப்பியிருந்தான்: "அக்கா, நெட் போயிடுச்சா?" அடுத்த வாரமும் அவன் வந்தான். நான் போகவில்லை.

"படிக்கிற வயதில் படி, சங்கமெல்லாம் செட்டில் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு மாமா எழுதியிருந்தார். அந்தத் தேர்வு மாதத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. மற்றபடி எனக்கு ஒப்புதல் இல்லை. செட்டில் ஆன பிறகு வருகிறேன் என்றவர்கள் சிலரின் நம்பர்தான் பட்டியலில் இன்னும் கிடைக்கவில்லை. இப்போது நான் ஒப்புக்கொள்வது வாரம் இரண்டு மணி நேரம், தேர்வு மாதங்களில் பூஜ்யம், அதை முதலிலேயே சொல்லிவிடுவது. கணக்கு வகுப்புக்கு வேறு ஒரு அண்ணன் வந்துவிட்டார், என்னை விட நன்றாக எடுக்கிறாராம்.

ரெஸ்யூமே வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. முதல் இன்டர்வியூவுக்குப் போனபோது "சமூகப் பணியில் ஆர்வம்" என்று எழுதியிருந்தேன். என்ன பணி என்று கேட்டார்கள், ஆர்வத்தைத் தவிர சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவை எழுதியது: "412 வரி உறுப்பினர் பட்டியல், 61 இரட்டைப் பதிவு நீக்கம், 130 சந்தேக ஜோடிகள் போனில் சரிபார்ப்பு." இன்டர்வியூவில் பாதி நேரம் அதைப் பற்றியே பேசினோம். "படிப்பவர்" பத்தியைச் சொன்னபோது எதிரில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

ஜூலையிலிருந்து ஒரு நோய்ப் பதிவகத்தில் ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். அதன் பிறகு என்ன என்று இப்போது தெரியாது, ஐந்து வருஷத் திட்டம் கேட்கும் பெரியப்பாக்கள் பொறுத்தருள வேண்டும்.

ஆகவே பட்டியலுக்கு ஒரு ஆள் வேண்டும். எக்செல் ஓரளவு தெரிந்தால் போதும், வாரம் இரண்டு மணி நேரம், போன் பேசக் கூச்சம் இருந்தால் இன்னும் நல்லது. 412 இப்போது 351 ஆகியிருக்கிறது. 23 பேருக்கு நம்பர் கிடைக்கவில்லை, பெயர்களைச் செயலாளர் மாமா தனியாக அனுப்புவார், யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். எப்படிச் செய்வது என்று ஆறு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், ஜூன் முழுக்க நானும் கூட இருப்பேன்.

யார் வந்தாலும் ஒன்று மட்டும். "மறைந்தவர்" என்று குறித்த 17 வரிகள் இருக்கின்றன. பார்த்ததும் அழிக்கத் தோன்றும். அதில் 9 வரிகளில் "படிப்பவர்" பத்தி நிரம்பியிருக்கிறது. மீதி 8 வீட்டுக்கு நான் இன்னும் போன் பண்ணவில்லை.

அன்புடன்,
பட்டியல் பெண்