முட்டைப் பெட்டியில் இருப்பது கோழி முட்டையிட்ட நாளா?

கேள்வி: சேலத்துவாசி

வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தையும் 70 வயது மாமியாரும் இருப்பதால், தெருமுனைக் கடையில் அட்டையிலிருந்து எடுத்துத் தரும் முட்டையை விட்டுவிட்டு, மூன்று மாதங்களாகப் பெரிய அங்காடியில் 6 முட்டைகள் கொண்ட பெட்டியை வாங்கி வருகிறேன். பெட்டியின் மீது பொதியிட்ட நாளும், எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்பும், 14 இலக்க உரிம எண்ணும் உள்ளன. முட்டையிட்ட நாள் எங்கும் இல்லை. சென்ற வாரம், பொதியிட்டு நான்கே நாளான பெட்டியிலிருந்து ஒரு முட்டையை உடைத்தபோது, வெள்ளைக்கரு தண்ணீராக ஓட, மஞ்சள்கரு தட்டில் விழுந்ததுமே கலைந்து பரவியது. கூடுதல் விலை கொடுத்து வாங்கும் இந்தப் பெட்டி எதற்குத்தான் உறுதியளிக்கிறது?

பதில்: நாமக்கல் பண்ணைக்காரர்

பொதியிட்ட நாளும் முட்டையிட்ட நாளும் ஒன்றல்ல என்பதைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். பண்ணையில் தினமும் முட்டை எடுத்தாலும், 30 முட்டை அட்டைகளில் அடுக்கப்பட்டு, லாரியேறி, மொத்த வியாபாரியின் கிடங்கில் தங்கிய பிறகு பெட்டிக்குள் போகும் சரக்கும் உண்டு. நாள் கணக்கைப் போலவே வெப்பமும் முக்கியம். சித்திரை வெயிலில் சில நாள் கிடந்த முட்டை, குளிர்ச்சியில் பல நாள் இருந்த முட்டையைவிடச் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரமும் கரியமில வாயுவும் வெளியேறுவதால் வெள்ளைக்கரு நீர்த்துப்போகிறது, அகன்ற முனையில் இருக்கும் காற்றறை பெரிதாகிறது. இருட்டில் விளக்கின் முன் முட்டையைப் பிடித்தால் அந்தக் காற்றறை தெளிவாகத் தெரியும்; தரம் பிரிப்பதில் பழகிய கண்ணுக்கு ஒரு நொடி போதும். வீட்டில் தண்ணீரில் போட்டுப் பார்ப்பதும் இதே கணக்குத்தான்: படுத்துக் கிடந்தால் புதியது, நிமிர்ந்து நின்றால் பழையது, மிதந்தால் எறிந்துவிடுங்கள். ஆனால் அந்தச் சோதனையில் கிருமி தெரியாது.

பதில்: உணவியல் மாணவி

அந்த 14 இலக்க எண், விற்பவர் உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் உரிமம் பெற்றவர் என்பதை மட்டுமே காட்டுகிறது. உங்கள் கையில் இருக்கும் முட்டை சோதிக்கப்பட்டது என்று அதற்குப் பொருளில்லை. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த அக்மார்க் தரப்பிரிப்பில், 60 கிராமும் அதற்கு மேலும் மிகப் பெரியது, 53 முதல் 59 வரை பெரியது, 45 முதல் 52 வரை நடுத்தரம் என்று எடை வாரியாகப் பிரிப்பார்கள். பெரிய முட்டை என்பதால் பாதுகாப்பான முட்டை ஆகிவிடாது. பழுப்பு ஓடு கோழியின் இனத்தையும், மஞ்சள்கருவின் அடர்நிறம் தீவனத்தையும் பொறுத்தவை. இரண்டையும் தரத்தின் சான்றாக எண்ணி ஏமாற வேண்டாம். கோழி வளர்ப்பில் தடைசெய்யப்பட்ட நைட்ரோஃபுரான் மருந்தின் எச்சம் இருந்தால், அதை ஆய்வகம்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வொரு முட்டையின் ஓட்டிலும் ஒரு குறியீடு அச்சிடப்படுகிறது. முதல் எண் 0 என்றால் இயற்கை வேளாண்மை, 1 என்றால் திறந்தவெளி, 2 என்றால் கொட்டகை, 3 என்றால் கூண்டு. அடுத்து நாட்டின் குறியும் பண்ணையின் எண்ணும் வரும். பயன்படுத்தும் காலமும் முட்டையிட்ட நாளிலிருந்து 28 நாள் என்றே கணக்கிடப்படுகிறது. நம் ஊரில் சத்துணவு முட்டையில் முத்திரை இடுகிறார்களே என்று கேட்கலாம். அது முட்டை வெளிச்சந்தைக்குப் போகாமல் தடுப்பதற்காக இடப்படுவது. ஓட்டில் அச்சிடும் வழக்கம் நமக்குப் புதிதல்ல என்பதற்கு அதுவே சான்று என்பதால், முட்டையிட்ட நாளையும் அச்சிடக் கேட்பது பேராசை ஆகாது.

பதில்: இரு பிள்ளைகளின் தாய்

முட்டையை வாங்கி வந்ததும் கழுவி அடுக்காதீர்கள். ஓட்டின் மேலுள்ள இயற்கைப் படலம் போய்விட்டால் அழுக்கு நீர் நுண்துளைகள் வழியே உள்ளே இறங்கும். குளிர்ப்பெட்டியின் கதவில் வைக்காமல் உள்தட்டில் வையுங்கள். வயிற்றுநோய் தரும் சால்மொனெல்லா கிருமி அஞ்சத்தக்கது என்பதால், குழந்தைக்கும் மாமியாருக்கும் அரைவேக்காடு வேண்டாம். மஞ்சள்கரு கெட்டியாகும்வரை வேகட்டும். கீறல் விட்ட முட்டையைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சேலத்துவாசி

அனைவருக்கும் நன்றி. மீதமிருந்த ஐந்தையும் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். மூன்று நிமிர்ந்து நின்றன. பெட்டியில் உள்ள நுகர்வோர் முகவரிக்கு அவற்றின் படத்தோடு, முட்டையிட்ட நாளை அச்சிடுமாறு கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே பதிவிடுகிறேன்.