விடுதலையான சகோதரருக்கு அடையாள அட்டை எடுக்க உதவி தேவை

எங்கள் சபையின் சிறை ஊழியத்தில் 4 வருடமாகச் சந்தித்து வந்த சகோதரர் ஒருவர் போன மாதம் விடுதலையானார். அம்மா இறந்துவிட்டார், வாகரைப் பக்கம் இருந்த வீடும் இப்போது இல்லை. கல்லடியில் எங்கள் ஆலய மண்டபத்தில்தான் தங்கியிருக்கிறார். உள்ளே தச்சு வேலை நன்றாகப் பழகியவர். ஆனால் ஆள் அடையாள அட்டை தொலைந்துவிட்டது. அது இல்லாமல் வேலையும் கிடைக்கவில்லை, வாடகை அறையும் கிடைக்கவில்லை.

பொலிஸ் முறைப்பாடு போட்டாயிற்று, பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கிறது. கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல்தான் சிக்கல். பழைய பிரிவில் “இங்கே வசிக்கவில்லையே” என்கிறார்கள், இங்கே “வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லை” என்கிறார்கள். போதகரின் கடிதமும் எடுபடவில்லை. இரவெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார், பார்க்க மனம் பொறுக்கவில்லை.

சபை முகவரியை வைத்து இப்படி ஒருவருக்கு அட்டை எடுத்துக் கொடுத்தவர்கள் மட்டக்களப்பில் யாராவது இருந்தால், எப்படிச் செய்தீர்கள்?