உணரியின் 'டிரிஃப்ட்': அளவு நழுவல் சரிவருமா?

> டிரிஃப்டுக்கு 'விலகல்' என்றே போட்டுவிடலாமே. புதுச் சொல் எதற்கு?

ஐயா, வணக்கம். உணரி காட்டும் அளவு நாளடைவில் உண்மையிலிருந்து மெல்லத் தள்ளிப்போவதுதான் டிரிஃப்ட். 'திட்ட விலக்கம்' (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) என்று புள்ளியியல்காரர்கள் அந்த வேரை முன்பே எடுத்துக்கொண்டார்கள். கோழிக் கொட்டகைக் கண்காணிப்புக் கையேட்டில் இரண்டும் அடுத்தடுத்த பக்கத்தில் வரும், குழப்பம்தான் மிஞ்சும்.

அதைவிட, பொருளே வேறு. கொட்டகைத் தரையில் பரப்பிய கூளம் ஈரமானால், எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் சிதைக்க, அம்மோனியா கிளம்புகிறது. 25 பிபிஎம்மைத் (காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கு) தாண்டவிடக் கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. அதற்காகத்தான் மின்வேதி உணரியைக் கோழி மூச்சுவிடும் உயரத்தில் மாட்டுகிறோம். அதே காற்றில் ஓயாமல் கிடந்து அதன் உணர்திறன் மெல்ல மங்குகிறது. தூசி வேறு வாயை அடைக்கிறது. காற்றில் 30 இருக்கும், திரை 18 என்று காட்டும், விசிறி சும்மா நிற்கும். எச்சரிக்கை மணி அடிக்காது, ஏனென்றால் உணரி செத்துப்போகவில்லை. உள்ளேயே வேலை பார்ப்பவரின் மூக்கை நம்பலாமா என்றால், அந்த வாடை மூக்குக்கும் பழகிப்போகும். (மூக்கும் ஓர் உணரிதானே, அதற்கும் இதே நோய்.)

இப்படிச் சத்தமில்லாமல் இடம்விட்டுப் போவதற்கு நம்மிடம் 'நழுவு' இருக்கிறது. ஆகவே 'அளவு நழுவல்' என்கிறேன். 'சரிவு' ஆகாது, ஈரப்பத உணரிகள் மேல்நோக்கியும் போகும். 'பிறழ்வு' ஒருமுறை நேர்ந்த பிழை போல ஒலிக்கிறது. 'நகர்வு' என்றால் யாரோ கழற்றி வேறிடத்தில் மாட்டியது மாதிரி.

ஒரு சிக்கல் உண்டு. 'உணரி நழுவிவிட்டது' என்று எழுதினால், கயிறு அறுந்து கூளத்தில் விழுந்துவிட்டதாகத்தான் பண்ணைக்காரர் ஓடிவருவார். அதனால் 'அளவு' என்பதை எங்கும் விடக் கூடாது: 'அளவு நழுவியிருக்கிறது, திருத்துங்கள்.' காலிபரேஷனுக்கு ஏற்கெனவே 'அளவுத்திருத்தம்' என்கிறோம், அதனோடும் ஒட்டிக்கொள்கிறது.

அப்புறம், சுத்தமான காற்றிலும் 3, 4 என்று காட்டும் ஸீரோ டிரிஃப்டைச் 'சுழிய நழுவல்' எனலாம். சுழியம் சரியாக இருந்தும் அளவு ஏற ஏறப் பிழை கூடும் ஸ்பான் டிரிஃப்டுக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. 'வீச்சு' ரேஞ்சுக்குப் போய்விட்டது. 'உணர்திறன் நழுவல்' நீளம். உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?