எங்கள் முகவரியிலிருந்தே வருவதுபோல் வரும் குப்பை அஞ்சல்கள்: வழிகாட்ட வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் சொந்த டொமைனில் இயங்கும் மின்னஞ்சலுக்கு, அனுப்புநர் இடத்தில் எங்கள் முகவரியையே தாங்கிய குப்பை அஞ்சல்கள் சில வாரங்களாக வந்துகொண்டிருக்கின்றன. "அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, கடவுச்சொல்லை உறுதிசெய்யுங்கள்" என்பதுதான் பெரும்பாலும் வாசகம். வயதான உறுப்பினர்களுக்கும் இதே அஞ்சல் போவதால், யாராவது நம்பிவிடுவார்களோ என்று உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

கணக்குக்குள் வேறு யாரும் நுழைந்த தடயம் இல்லை. ஓர் அஞ்சலின் முழுத் தலைப்பு விவரங்களைத் திறந்து பார்த்ததில், அது முன்பின் தெரியாத ஒரு சர்வரிலிருந்து கிளம்பி, டிமார்க் (DMARC: அனுப்புநர் இடத்திலுள்ள டொமைன் போலியா என்று பெறுபவரின் சர்வர் சரிபார்க்கும் முறை) சோதனையில் தோற்றிருந்தது தெரிந்தது. எங்கள் டிமார்க் பதிவு வெறும் கண்காணிப்பு நிலையில் இருப்பதால், தோற்ற அஞ்சலைத் தடுக்கும்படி பெறுபவரின் சர்வருக்கு நாங்கள் சொல்லவே இல்லை.

அதை 'ஸ்பேமுக்கு அனுப்பு' என்ற நிலைக்கு மாற்ற விரும்புகிறேன். ஆனால் எங்கள் மாதமடல் வேறொரு நிறுவனத்தின் சேவை வழியாகச் செல்கிறது. அதற்கு எங்கள் டொமைன் பெயரிலான டிகிம் (DKIM: அஞ்சல் அந்த டொமைனின் அனுமதியோடு வந்தது என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) கையொப்பம் இன்னும் இல்லை; அதனால் மாதமடலும் ஸ்பேமுக்குப் போய்விடலாம். முதலில் டிகிம்மை அமைத்து, பெறும் சர்வர்கள் அனுப்பும் டிமார்க் அறிக்கைகளைச் சில வாரங்கள் கவனித்த பிறகு மாற்றுவதுதான் சரியான வரிசையா? எக்ஸ்எம்எல் வடிவில் வரும் அந்த அறிக்கைகளை எளிதாகப் படிக்க இலவசக் கருவி ஏதேனும் இருந்தால், பயன்படுத்தியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.