விற்பனைப் பிரிவில் ஆள் நிலைப்பதில்லை: தேர்வு முறையை எப்படி மாற்றுவது?

ஆயத்த ஆடை விற்கும் நிறுவனம், சில கிளைகள். ஆளெடுப்பு என் பொறுப்பு. விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்பவர்களில் பாதிப்பேர் மூன்று மாதம் தாண்டுவதில்லை. சென்ற பண்டிகைக் காலத்திலிருந்து இதே நிலை. பில் போடும் இடத்திலும் கிடங்கிலும் இந்தத் தொல்லை இல்லை. போன வாரம் சாப்பிடப் போன ஒருவர், அடையாள அட்டையைக் கல்லாவில் வைத்துவிட்டுத் திரும்பவே இல்லை. விலகுபவர்கள் சொல்வதெல்லாம், "நாள் முழுக்க நிற்க வேண்டும் என்று நினைக்கவில்லை."

சம்பளத்தை உயர்த்தினோம், விண்ணப்பங்கள்தான் கூடின. ஊழியர் பரிந்துரைக்கு ஊக்கத்தொகை கொடுத்தோம். ஒருவர் கிளம்பினால் அவர் அழைத்து வந்தவரும் கிளம்பிவிடுகிறார். தோன்றியதைக் கேட்கும் நேர்காணலைவிட, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் இடும் நேர்காணல் மேல் என்று உளவியலாளர்கள் ஷ்மிட், ஹன்டர் இருவரின் 1998ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அதையும் செய்தோம். நன்றாக விற்பவர்கள் கிடைத்தார்கள், நிலைப்பவர்கள் கிடைக்கவில்லை. (விற்கும் திறமை வேறு, தங்கும் மனம் வேறு போலும்.)

வேலையை உறுதி செய்யும் முன், சம்பளம் கொடுத்து ஒரு நாள் கடையில் நிற்கவைத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். கூட்ட நேரத்தில் புது ஆள் இடைஞ்சல் என்று கிளை மேலாளர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

இப்படிச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: முதல் மூன்று மாத விலகல் உண்மையிலேயே குறைந்ததா?