டொஸ் கேமுக்கு எந்த சவுண்ட் காட்? ஏடபிள்யூஈ64ஆ, பெயரில்லாத ஈஎஸ்எஸ்ஸா?

கடற்கரைவீதி:
அண்ணாமார், ஓர் உதவி. மாமா வீடு மாறியபோது ஒரு பென்டியம் எம்எம்எக்ஸ் 200 பெட்டி எனக்கு வந்து சேர்ந்தது. மதர்போட்டில் காட் செருக கறுப்பு ஐசா ஸ்லொட் (பழைய வகை) மூன்று, வெள்ளை பிசிஐ (புதிய வகை) நான்கு. வொல்ஃபன்ஸ்டைன் 3டி, டூம், டியூக் நியூகெம் 3டி மூன்றையும் விண்டோஸுக்கு முந்திய டொஸ்ஸிலேயே விளையாட வேண்டும். வீட்டில் கிடந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் என்ற பிசிஐ காட்டைப் போட்டேன். விண்டோஸ் 98இல் நன்றாகப் பாடுகிறது, டொஸ்ஸுக்குப் போனால் மூச்சே இல்லை.

புறக்கோட்டையில் பழைய சாமான் கடை ஒன்றில் இரண்டு ஐசா காட் பார்த்தேன். ஒன்று கிரியேட்டிவ் கம்பனியின் சவுண்ட் பிளாஸ்டர் ஏடபிள்யூஈ64. விலையைக் கேட்டதும் பேசாமல் வெளியே வந்துவிட்டேன். மற்றதில் கம்பனிப் பெயரே இல்லை, ஈஎஸ்எஸ் சிப்பில் ஈஎஸ்1868எஃப் என்று மட்டும் இருக்கிறது. அதன் விலை பத்தில் ஒரு பங்குகூட வராது. எதை எடுக்க?

பழையபெட்டி:
தம்பி, உங்கள் லைவ் பழுதில்லை. டொஸ் கேம் முகவரி 220, ஐஆர்கியூ (காட் கேமைக் கூப்பிடும் வழி) 5, டிஎம்ஏ (சத்தம் மெமரியிலிருந்து காட்டுக்குப் போகும் வழி) 1 என்று நேரடியாகப் போய்க் கதவைத் தட்டும். பிசிஐ காட் அங்கே குடியிருப்பதில்லை. ஒரு டிரைவர் மென்பொருள் மெமரியில் உட்கார்ந்து பழைய சவுண்ட் பிளாஸ்டராக நடிக்க வேண்டும், அந்த நடிப்பு பல கேமில் எடுபடாது.

ஈஎஸ்எஸ்ஸையே எடுங்கள். வொல்ஃபன்ஸ்டைன் 1992இல் வந்தது. அதன் ஸ்டீரியோ சவுண்ட் பிளாஸ்டர் ப்ரோவுக்கு எழுதியது. ஏடபிள்யூஈ64 சவுண்ட் பிளாஸ்டர் 16 வழியில் வந்ததால் அந்த ஸ்டீரியோ அதற்குத் தெரியாது, மோனோதான் வரும். ஈஎஸ்1868 ப்ரோவாகவே வேலை செய்யும். இசைக்கும் ஏடபிள்யூஈ64இல் அசல் யமஹா ஓபிஎல்3 இசைச் சிப் இல்லை, கிரியேட்டிவின் சொந்த நகல்தான். தகரத்தில் தட்டின மாதிரி இருக்கும்.

ஈயமணம்:
தகரம் என்பது கொஞ்சம் கூடிப்போச்சு அண்ணா. டியூக் நியூகெம் செட்டப்பில் ஏடபிள்யூஈ32 என்று தெரிந்து கேட்டுப் பாருங்கள், காது குளிரும். ஆனால் அந்த விலைக்கு நானும் வாங்கமாட்டேன். அசல் ஓபிஎல்3தான் வேண்டும் என்றால் யமஹா ஒய்எம்எஃப்719 சிப் உள்ள காட் தேடலாம். ஈஎஸ்எஸ்ஸில் இருப்பதும் அதன் சொந்தச் சிப்தான், ஆனால் காதுக்கு மிக நெருக்கம்.

வாங்குமுன் தங்க விளிம்பைப் பாருங்கள். வெள்ளவத்தைப் பக்கம் கடல் காற்றில் கிடந்த காட் என்றால் பச்சை பூத்திருக்கும். பென்சில் அழிறப்பரால் தேய்த்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

கடற்கரைவீதி:
ஈஎஸ்எஸ்ஸை வாங்கிவிட்டேன். டொஸ்ஸில் சவுண்ட் காட்டை அமைத்துத் தரும் யுனிசவுண்ட் மென்பொருளை ஓடவிட்டதும் காட்டைக் கண்டுபிடித்து 220, 5, 1 என்று காட்டியது. டூமில் இசை அருமை. ஆனால் துப்பாக்கியைச் சுட்டால் முதல் துண்டுச் சத்தம் மட்டும் டட் டட் டட் என்று நிற்காமல் ஓடுகிறது. காட் பழுதா?

பழையபெட்டி:
இல்லை, அது நல்ல சகுனம். இசைக்கு ஐஆர்கியூவும் வேண்டாம், டிஎம்ஏயும் வேண்டாம், முகவரி 388இல் எழுதினால் போதும். வெடிச்சத்தத்துக்குத்தான் இரண்டும் வேண்டும். அதே துண்டு திரும்பத் திரும்ப வருவதால் டிஎம்ஏ ஓடுகிறது. "முடிந்தது, அடுத்ததைத் தா" என்று சொல்ல வேண்டிய ஐஆர்கியூ கேமுக்குப் போய்ச் சேரவில்லை. பெட்டி தொடங்கும்போது பிசிஐ பட்டியல் ஒன்று வரும். பௌஸ் கீயை அழுத்தி நிறுத்தி, 5க்கு நேரே யார் என்று பாருங்கள்.

கடற்கரைவீதி:
நெட்வொர்க் காட்!

பழையபெட்டி:
பயோஸில் பிஎன்பி பிசிஐ பக்கத்துக்குப் போய் ஐஆர்கியூ 5ஐ லெகசி ஐசா (பழைய ஐசா காட்டுக்கு ஒதுக்கியது) என்று மாற்றுங்கள், நெட்வொர்க் காட் தானாக வேறு இடம் பார்த்துக்கொள்ளும். 7க்கு மாற்ற நினைக்க வேண்டாம், அது பிரின்டர் போர்ட்டின் வழக்கமான இடம். கேம் செட்டப்பில் ப்ரோ என்று இருந்தால் அதையே தெரியுங்கள், 16 வேண்டாம்.

கடற்கரைவீதி:
சரிவந்துட்டுது அண்ணா! சத்தம் இடமும் வலமுமாகப் பிரிந்து வருகிறது. ஹெட்போனில் மெல்லிய இரைச்சல் மட்டும் இருக்கிறது.

ஈயமணம்:
மிக்சரில் மைக், லைன் இன், சிடி மூன்றையும் மியூட் செய்யுங்கள். அதற்கும் போகாவிட்டால் காட்டில் அம்ப்ளிஃபயரைத் தாண்டிப் போக ஜம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். படம் ஒன்று போட்டால் எந்த ஜம்பர் என்று சொல்கிறேன்.